தெய்வானை கேட்ட முன்சீட்டு

பொள்ளாச்சிதானுங்க? உக்காருங்க, உக்காருங்க. பஸ்ல இந்தப் பக்கம் வெயிலடிக்காது. ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைச்சுக்க மாட்டீங்களே, நீங்க மெக்கானிக் இல்லீங்களே? பேங்க்ல வேலைங்களா? ரொம்ப சந்தோசமுங்க. மெக்கானிக்குன்னா நான் எந்திரிச்சு அந்தாண்ட சீட்டுக்குப் போயிருப்பேன். அவுங்க மேல எனக்கு விரோதமெல்லாம் கெடையாது. மனுசனாப் பாத்தா நல்லவங்கதான். ஆனா நம்ம வண்டில நம்ம கைதான் படோணும். அதுல மட்டும் நான் கறாருங்க.

என்ற பேரு சென்னியப்பன். பீளமேட்டுல பம்ப்பு கம்பெனி நம்முளது. கெணத்து மோட்டார், போர்வெல் மோட்டார்னு முப்பது வருசம் ஊருக்கெல்லாம் தண்ணி எறைக்கப் பம்ப்பு செஞ்சு குடுத்தாச்சு. இந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் பாருங்க, தென்னந்தோப்புல தண்ணி பாயுதுன்னா அதுல பாதி நம்ம பம்ப்புதான். இப்பத் தம்பிகிட்ட உட்டுட்டு நான் வண்டியே கதின்னு கெடக்கறேன்.

என்ன வண்டின்னா, இங்கிலீசுக்காரன் செஞ்ச ரேஸ் வண்டிங்க. செவப்பு. ரெண்டே ரெண்டு கதவு, ரெண்டே ரெண்டு சீட்டு, மேல கூரை கெடையாது. குன்னூர்ல ஒரு எஸ்டேட் தொரை வெச்சிருந்தது. அவுரு பேரன் அதை மாட்டுக் கொட்டாய்ல தள்ளி, மேல புண்ணாக்கு மூட்டை அடுக்கி வெச்சிருந்தான். பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. நானும் என்ற மச்சினன் கொழந்தவேலும் பாதிக்குப் பாதி போட்டு வாங்கி லாரில ஏத்திட்டு வந்தோம். மச்சினன்னா, என்ற சம்சாரத்துக்குக் கூடப்பொறந்த தம்பி. மாமன் மச்சினன் பங்கு போட்டு ஒரு காரியம் பண்ணிச் சண்டையில்லாம இருக்கறதப் பாத்திருக்கீங்களா? நாங்க இருந்தமுங்க. ஊரே கண்ணு வெச்சுது.

சம்சாரம் பேரு தெய்வானை. தங்கமானவ, யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப்பாருங்க. வண்டி லாரிலிருந்து எறங்குன அன்னைக்கு ஆரத்தி சுத்துனதே அவதான். சுத்திக் கொட்டிட்டு வந்து, "ஏனுங்க, இது ஓடுனா மொதமொதல்ல என்னையப் பக்கத்துல உக்கார வெச்சு ஈச்சனாரிப் புள்ளையார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"ன்னு கேட்டா. நம்மூர்ல எந்த வண்டி எடுத்தாலும் மொதப் பூசை ஈச்சனாரிலதானுங்களே. "உன்னைய உட்டுட்டு வேற யார அம்மிணி கூட்டிட்டுப் போவேன்?"னு சொன்னேன். கல்யாணமான நாள்லிருந்து அவ வாயத் தொறந்து என்கிட்டக் கேட்டது இது ஒண்ணுதான். அதனாலதான் எனக்கு நல்லா ஞாபகமிருக்குது.

கோயமுத்தூர்ல பழைய வண்டிக்காரங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்குதுங்க. ரெண்டே சட்டம். சாமானெல்லாம் ஒரிஜினலா இருக்கோணும். ஓனர் தன் கையாலதான் வேலை பாக்கோணும். வருசா வருசம் ஒரு கல்யாண மண்டபத்துல கண்காட்சி போடுவோம். அத்தனை வண்டியும் லாரில வரும், லாரிலயே திரும்பிப் போகும், பாக்கக் கண்ணு கொள்ளாது. ஒருக்கா தாமோதரசாமின்னு ஒருத்தர் வண்டிய ஓட்டிக்கிட்டே உள்ள வந்துட்டார். சத்தமில்ல, பொகையில்ல, பூனையாட்ட வந்து நிக்குது. எனக்கு அப்பவே சந்தேகமுங்க. கூப்ட்டு விசாரிச்சா, மனுசன் ஒர்க்‌ஷாப்புல உட்டு வேலை பாத்திருக்கறார்! அழுவாத கொறையா மன்னிப்புக் கேட்டார். என்ன பண்றது, சட்டம் சட்டந்தானுங்களே, சங்கத்துலிருந்தே அவுரை எடுத்துட்டோம்.

நாங்க அந்த மாதிரி குறுக்கு வழிக்கெல்லாம் போகல. ஞாயித்துக்கெழமை வெடியால கொழந்தவேலு வந்துருவான், பொழுது உழுகற வரைக்கும் வேலை. அப்பறம் ஞாயித்துக்கெழமை பத்தலேன்னு எல்லாக் கெழமையும் வர ஆரம்பிச்சான். பிரிக்கறதுல அவன் கெட்டிக்காரன், மாட்டறதுல நான். மாட்டி முடிச்சாக் கீழ நாலஞ்சு போல்ட்டு மிச்சம் வரும். மொதல்லெல்லாம் பயந்துக்கிட்டோம். அப்பறம் பாத்தா, மிச்சம் வந்தா அது வண்டிக்கு வேண்டாததுன்னுதான அர்த்தம்? ஒரு டப்பால போட்டு வெச்சிருக்கறேன், இப்ப டப்பா ரெண்டாயிருச்சு.

தெய்வானையும் எல்லாத்துக்கும் ஒத்தாசைதானுங்க. கார்புரேட்டர மண்ணெண்ணெய்ல ஊறப்போட அகலமா ஒரு பாத்திரம் வேணும்னோம், இட்லிக் குண்டான் குடுத்தா. குடுத்தான்னா, அடுப்படில இருந்துது, நாங்க எடுத்துக்கிட்டோம். கழுவித்தான் திருப்பி வெச்சோம். அதுக்கப்பறம் இட்லில லேசா ஒரு வாசம் வரும், ஊட்டுக்கு விருந்தா வந்த ஒறம்பரைக்காரங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். சன்னமான ஓட்டையக் குத்தி எடுக்க அவ கொண்டை ஊசிதான் வாகா இருந்துது. கதவுல ரப்பர் போயிருச்சுன்னு பிரிட்ஜ் கதவு ரப்பர உருவி ஒட்டுனோம், அளவெடுத்தாட்ட உக்காந்துருச்சு. பிரிட்ஜ்தான் அதுக்கப்பறம் சரியா மூட மாட்டேங்குது.

டைனிங் டேபிள் மேல கியர் பாக்ஸு. அதனால நாங்க அடுப்படில பலகையப் போட்டு உக்காந்து சாப்ட்டுக்குவோம். கீழ உக்காந்து சாப்ட்டா ஒடம்புக்கு நல்லதுங்களே. என்ஜினோட தலைய மட்டும் சாமி ரூம்புல வெச்சோம், ஊட்டுலயே தூசி இல்லாத எடம் அதுதான். தெய்வானை வெளக்கேத்தறப்ப அதுக்கும் ரெண்டு பூ வெப்பா. ஒருக்கா என்ற பெரியம்மா வந்தவங்க, இது என்ன சாமின்னுகூடக் கேக்காம உழுந்து கும்புட்டுட்டுப் போனாங்க.

எல்லாம் கூடி வர்ற நேரத்துல ஆயுத பூசை வந்துதுங்க. சாமானெல்லாம் தொடச்சுப் பொட்டு வெச்சு அடுக்கிட்டு, அன்னைக்கு ஒருத்தரும் தொடக்கூடாது. ஸ்பேனருக்கெல்லாம் வெச்சோம், சுத்திக்கு வெச்சோம், கழட்டிப் போட்டிருந்த வண்டிச் சாமானுக்கும் வெச்சோம். அதுல பெட்ரோல் பம்ப்பும் இருந்துது. டாங்கிலிருந்து பெட்ரோல உறிஞ்சி என்ஜினுக்கு அனுப்பற சின்னப் பம்ப்புங்க, கையளவுதான் இருக்கும். நான் பம்ப்புக்காரன், பம்ப்புதான் எனக்குச் சோறு போட்ட தெய்வம். அதுக்கு மட்டும் ஒரு வெரல் பொட்டு போதுமா? நாலு வெரல்லயும் சந்தனத்தை வழிச்சு நல்லா அப்புனேன். அது ஓட்டை வழியா உள்ள எறங்கிக் காஞ்சு கல்லாயிருச்சு. நோண்டி எடுக்கலாம்னு திருப்புளியப் போட்டனுங்க, உள்ளார இருந்த ஜவ்வு டர்ருன்னு கிழிஞ்சுபோச்சு. அட கெரகமே! சந்தனத்தை அத்தனை கெட்டியா ஒரைச்சுக் குடுத்தது யாரு? தெய்வானைதான். ஆனா அவளை நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க. மனசோட வெச்சுக்கிட்டேன்.

கடைல புதுப் பம்ப்பு கெடைக்குதுங்க, கெடைக்காம இல்ல. கரண்டுல ஓடறது. வாங்குனமா மாட்டுனமான்னு ஒரு பொழுதுல வேலை முடிஞ்சிரும். ஆனா ஒரிஜினல் போயிருமுங்களே! அப்பறம் சங்கத்துல மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்கறது? சீமைல விசாரிச்சேன். அங்கயும் தீந்துபோச்சாம். வண்டி வெச்சிருக்கற கெழவங்க யாராவது செத்து, வண்டியப் பிரிச்சா ஒண்ணு அனுப்பறேன்னு ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கறான். காத்துட்டிருக்கறேன்.

அதுவரைக்கும் என்ன பண்றதுன்னு கொழந்தவேலுதான் ரோசனை சொன்னான். பெட்ரோல ஒரு கேன்ல ஊத்தி, ரப்பர் டியூப்பப் போட்டு, பானெட் சந்துல உட்டு, நேரா கார்புரேட்டருக்குக் குடுத்துட்டா? கேன் ஒசரத்துல இருந்தாப் பெட்ரோல் தானா எறங்கும். ஓட்டறவன் பக்கத்துல ஒருத்தன் உக்காந்து கேன நெஞ்சு ஒசரத்துல புடிச்சுக்கோணும், கொழந்தைக்குப் பால் புட்டி புடிக்கறாட்ட. கை எறங்குனா வண்டி இருமும். கை ஏறுனா வழிஞ்சு ஊத்தும். கொழந்தவேலு அதுல நல்லாப் பழகிட்டான்.

தை மாசம் ஒரு வெள்ளிக்கெழமை நல்ல நேரம் பாத்து வண்டிய எடுக்கறதுன்னு முடிவாச்சு. தெய்வானை வெடியாலயே எந்திரிச்சுத் தலைக்கு ஊத்தி, பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுப் பொடவையக் கட்டி, மல்லியப்பூ வெச்சு, பூசைத் தட்டோட வாசல்ல வந்து நின்னா. சும்மா சொல்லக்கூடாதுங்க, மகாலச்சுமியாட்ட இருந்தா. நானே ஒரு நிமிசம் அசந்து போயிப் பாத்தேன். அந்த நேரம் பாத்து வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு!

அடடா, அந்தச் சத்தத்தை நீங்க கேட்டிருக்கோணும்! எத்தனை வருசப் பாடு! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. கொழந்தவேலு "மச்சான்! மச்சான்!"னு கத்தறான். தெய்வானை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சுட்டு, தட்டைத் தூக்கிட்டு இந்தப் பக்கத்துக் கதவுகிட்ட வந்தா. வந்து பாத்தா, சீட்டுல கொழந்தவேலு கேனோட உக்காந்திருக்கறான். "தம்பி, எறங்குடா"ன்னா. "அக்கா, நான் எறங்குனா வண்டி நின்னுரும்க்கா"ன்னான். அவன் சொன்னது நெசந்தானுங்களே? நின்னா மறுக்கா கெளப்பறதுக்கு இன்னொரு தை வரோணும். நான் என்ன பண்ணட்டும்? "அம்மிணி, சித்தெ இரு, ஒரு ரவுண்டு போயிட்டு வந்தர்றோம்"னு சொல்லிட்டு கியரப் போட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்குச்சு, வண்டி ரோட்டுக்கு வந்துருச்சு.

திரும்பி அவ மொகத்தைப் பாக்கலியான்னா கேக்கறீங்க? பின்னால பாக்கற கண்ணாடியப் பாலீசு போடக் கழட்டி வெச்சிருந்தமுங்க.

ரோட்டுல ஏறுனதும் நிறுத்த மனசே வரல. நிறுத்தவும் முடியாது, பிரேக்கு கொஞ்சம் அப்படி இப்படி. போயிக்கிட்டே இருந்தமா, ஈச்சனாரி வந்துருச்சு. இதோ, இப்பத் தாண்டறமே, இந்தக் கோயில்தான். கும்புட்டுக்கங்க. பூசைத் தட்டு ஊட்டுல தெய்வானை கைல இருக்குது, அதனால என்ஜின நிறுத்தாம, கொழந்தவேல கேனோட வண்டிலயே உட்டுட்டு, இங்கயே கடைல தேங்கா பழம் வாங்கிப் பூசை போட்டேன். அர்ச்சனை யாரு பேருக்குன்னு ஐயர் கேட்டார். வண்டி பேருக்குன்னேன். நச்சத்திரம் என்னன்னார். வண்டிக்கு எனக்கெங்க நச்சத்திரம் தெரியும்? தெய்வானையோட நச்சத்திரத்தைச் சொல்லிட்டேன். எப்படிப் பாத்தாலும் அவளுக்கும் புண்ணியம் போய்ச் சேந்துருச்சுங்களே. இதை அவகிட்டச் சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறா.

திரும்பறப்ப சுந்தராபுரத்துகிட்ட நின்னுபோச்சு. ஒரு டிராக்டர்க்காரர் கவுறு கட்டி இழுத்துட்டு வந்து உட்டார். ஊடு வந்து சேர்றப்பப் பொழுது சாஞ்சிருச்சு. தெய்வானை அதே பட்டுப் பொடவையோட வாசப்படில உக்காந்திருக்கறா. தட்டுல தேங்கா உடைக்காம அப்படியே இருக்குது, பூவெல்லாம் வாடிப்போச்சு. நான் எறங்குனதும் கேட்டா பாருங்க ஒரு கேள்வி: "இப்ப என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா?" டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வந்ததைக் கண்ணால பாத்துட்டுக் கேக்கறாளுங்க! எனக்குச் சுருக்குன்னுச்சு. இருந்தாலும் பொறுமையா, "சூடு ஆறறதுக்குள்ள அடில பாத்தாத்தான் கோளாறு தெரியும் அம்மிணி"ன்னு சொல்லிட்டு வண்டிக்கு அடில படுத்துட்டேன்.

கொஞ்ச நேரங்கழிச்சு அவ பாதம் ரெண்டும் என்ற மூஞ்சிக்கு நேரா வந்து நிக்குது. பட்டுப் பொடவையக் காணோம், நூல் பொடவை கட்டியிருந்தா. பக்கத்துல ஒரு பேக்கு. "நான் சுகன்யா ஊட்டுக்குப் போறேன்"னா. சுகன்யா எங்க பொண்ணுங்க, பொள்ளாச்சில குடுத்திருக்குது. "போயிட்டு வா அம்மிணி, போறதுக்கு முன்னால அந்தப் பெரிய ஸ்பேனர எடுத்துக் குடுத்துட்டுப் போ"ன்னேன். குனிஞ்சு எடுத்துக் குடுத்துட்டுத்தானுங்க போனா. கோவம் இருந்தா ஸ்பேனர் குடுப்பாளா, நீங்களே சொல்லுங்க? அதனாலதான் ரெண்டு நாள்ல வந்துருவான்னு நான் இருந்துட்டேன்.

வரல. மாசி போயிப் பங்குனியும் போகுது, இன்னும் வரல. ஊடு வெறிச்சுன்னு கெடக்குதுங்க. காபி நானே போட்டுக்கறேன், வாயில வெக்க முடியறதில்ல. சாமி ரூம்புல வெளக்கேத்த ஆளில்ல. டைனிங் டேபிள்லிருந்து கியர் பாக்ஸ எடுத்துக் கீழ வெச்சுட்டேன், ஆனா அங்க தனியா உக்காந்து சாப்பிடப் புடிக்கல. நெசமாச் சொல்றனுங்க, சில நேரம் அழுகையா வருது. வண்டிகிட்டப் போயி நின்னாலும் பழையாட்ட மனசு ஒட்ட மாட்டேங்குது.

சுகன்யா போன் பண்ணுனா. "அப்பா, அம்மா கேக்கறது அந்த முன்சீட்டு மட்டுந்தான்ப்பா. வண்டில வந்து கூப்ட்டா வர்றேங்கறாங்க. ஒரு புதுப் பம்ப்பு வாங்கி மாட்டிட்டு வாங்களேன்ப்பா"ங்கறா. படிச்ச புள்ள பேசற பேச்சுங்களா அது? நான் பொறுமையா வெளக்கிச் சொன்னேன், "கண்ணு, ஆளு யாருக்காவது கோவம்னா சமாதானம் பண்ணிக்கலாம், ஒரிஜினல் போனாத் திரும்பி வருமா?"ன்னு. அவ டொக்குன்னு போன வெச்சுட்டா. புரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன்.

அதுக்காக நான் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கலீங்க. வண்டிக்குப் பின்னால சாமான் வெக்கற எடத்துல தேக்குப் பலகை போட்டு, மெத்தைய நானே தெச்சு, புடிச்சுக்கக் கம்பி வெச்சுத் தனியா ஒரு சீட்டே செஞ்சேன். காலை மடக்கி ஒருச்சாஞ்சு உக்காந்தாத் தாராளமா உக்காரலாம். போட்டோ புடிச்சுத் தெய்வானைக்கு அனுப்புனேன். நீலக் கோடு உழுந்துருச்சு, பதிலைக் காணோம். சங்கத்து குரூப்ல போட்டேன். அத்தனை பேரும் கட்டை வெரலத் தூக்கிட்டாங்க. ஒரே ஒருத்தர் மட்டும், "ஒரிஜினல்ல பின்சீட்டே கெடையாதுங்களே?"ன்னு கேட்டார். எனக்கு ஒடம்பே கூசிப்போச்சுங்க. அன்னைக்கே கழட்டிட்டேன்.

பஸ்ல ஏன் போறேன்னு கேட்டீங்கல்ல, இதுக்குத்தான். கொழந்தவேலு அக்கா மூஞ்சில முழிக்க மாட்டேங்கறான். கேன் புடிக்க அவன் வராம வண்டி நகராது. ஆனா நான் சும்மா போகலீங்க. நேத்து அவனைக் கூப்ட்டு உக்கார வெச்சு, "மாப்ள, உங்கக்கா நம்மூட்டுக்குத் திரும்பி வரோணும். அந்தச் சீட்டை அவளுக்கு உட்டுக்குடுத்துரு"ன்னு கேட்டுப்போட்டேன். அவனுக்குப் பாவம், கண்ணு கலங்கிருச்சு. சீட்டைத் தடவித் தடவிப் பாத்தான். அப்பறம் மூக்கச் சிந்திட்டு, "அக்காவுக்காகத்தான மச்சான், குடுத்துர்றேன்"னான். தம்பின்னா அவனல்லவா தம்பி! முன்சீட்டு இனிமே தெய்வானைக்குங்க. ஆயுசுக்கும் அவளுக்கு. கேன மட்டும் அவ புடிச்சுக்கோணும்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? கேனில்லாம எப்படிங்க வண்டி ஓடும்? அவ புடிச்சுக்குவா. பொறுமைசாலி. பட்டுப் பொடவை மட்டும் வேண்டாம், பெட்ரோல் சிந்துனா வீணாப்போயிரும், நூல் பொடவை போதும். பூவும் வேண்டாம், காத்துல நிக்காது. மத்தபடி ராணியாட்ட உக்காந்து வரலாம்.

கெணத்துக்கடவு தாண்டியாச்சுங்களா? இருங்க, ஒரு போன் போட்டு இந்தச் சேதியச் சொல்லிப்போடறேன்.

ஹலோ, தெய்வானை? நாந்தான். பஸ்ல வந்துட்டிருக்கறேன். கேளு, முன்சீட்டு உனக்குத்தான்! ஆமா. நெசமாத்தான் சொல்றேன், கொழந்தவேலே உட்டுக்குடுத்துட்டான். இல்ல, பம்ப்பு இன்னும் வரல. ஆமா, கேன் இருக்குது. நீதான் புடிச்சுக்கோணும். நெஞ்சு ஒசரத்துல. கனமெல்லாம் இல்ல. ஹலோ? ஹலோ? இருக்கறயா? செரி. செரி அம்மிணி. அப்படியா? செரி, செரி, வெக்கறேன்.

பாத்தீங்களா! கோவமெல்லாம் போயே போச்சு! கத்தவே இல்லீங்க. அத்தனை பதவிசாப் பேசறா. "வர்றதே வர்றீங்க, சாப்ட்டுட்டுப் போங்க"ன்னா. கோழி அடிச்சுக் கொழம்பு வெக்கறாளாம். சுகன்யா மாப்பிள்ளைய வாழை எலை அறுத்துட்டு வரச் சொல்லியிருக்கறாளாம். வெத்தலை பாக்கு வாங்கி வெக்கட்டுங்களான்னு கேக்கறா! முப்பது வருசத்துல ஒரு நாள் இப்படிக் கேட்டதில்லீங்க. ஒறம்பரைக்குப் பண்றாட்ட ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டுப் பண்றா. கடைசியா, திரும்பிப் போறதுக்கு எத்தனை மணி பஸ்ஸுன்னுகூடக் கேட்டுக்கிட்டா, அதுக்குத் தகுந்தாப்புல எலை போடோணுமாம்.

ஏனுங்க, என்ன கேட்டீங்க?

அந்த பஸ்ஸுல அவளும் வர்றாளான்னுங்களா?

அது... அதை நான் கேக்கலியே. எனக்கு எத்தனை மணி பஸ்ஸுன்னுதானுங்க கேட்டா.